அத்தை அமர்ந்த நிலையில்

எங்கள் காரின் பின்பக்கத்தில் சத்தம் வரத் தொடங்கியபோது நாங்கள் நாற்பதாம் பக்கத்தில் இருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் என் மாமியாரும். அத்தைக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் அவரைப் பயிற்சி நிலையத்தில் இறக்கிவிட்டு, அப்படியே நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவேன். முப்பத்தைந்து நிமிடப் பயணம். அத்தை பின்னிருக்கையின் இடது ஓரத்தில், கதவோடு ஒட்டிச் சாய்ந்து, வலது காலை இருக்கையின் மேல் நீட்டிக்கொண்டு உட்காருவார். மடியில் ஒரு நாவல் இருக்கும். முப்பத்திரண்டு வருடம் தமிழ் இலக்கணம் நடத்திய குரல் அது. கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்ற பழக்கத்தில் வாசிப்பார். கேட்பதற்கு நான் ஒருத்தி மட்டும்தான், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறேன் என்பது அந்தக் குரலுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நாவல் எங்கோ பனி நாட்டில் நடப்பது. மொழிபெயர்ப்பு. ஆசிரியரின் பெயரை அத்தை ஒரு மாதிரி உச்சரிப்பார், நான் ஒரு மாதிரி. இரண்டுமே தப்பாகத்தான் இருக்கும். உறைந்த கடலுக்கு நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரு கலங்கரை விளக்கம், அதில் ஒரு காவலாளி. பதினோரு வருடங்களுக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு படகேறிப் போன மனைவியிடமிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். நாற்பது பக்கத்தில் அவன் செய்த ஒரே காரியம் விளக்குக் கண்ணாடியைத் துடைத்தது. எங்கள் இருவருக்கும் அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

"தொலைவில் பனிப்பாறை விரிசல் விடும் ஓசை கேட்டது," என்று அத்தை வாசித்தார். கார் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

லொடக்.

"நல்லா எழுதியிருக்கான்," என்றார் அத்தை. "காதுலயே கேக்குது பாரு."

காவலாளி வெந்நீர் வைக்கும்போதும், தாடி மழிக்கும்போதும், கனவில் மனைவியோடு மாம்பழம் தின்னும்போதும் பனிப்பாறை விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. தொண்ணூறாம் பக்கத்தில்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

என் கணவருக்குக் கடைகளில் இருக்கும் எடை இயந்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. உப்பு ஜாடியை நீட்டினால் கையில் வாங்கி, எத்தனை கிராம் என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வைப்பார். காரில் சத்தம் என்றதும் இரண்டு வாரம் ஆராய்ச்சி செய்தார். சனிக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது முடிவை அறிவித்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன். காருல ஒண்ணுமில்ல. அம்மா ஏறினாத்தான் சத்தம் வருது."

ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்த அத்தையின் கத்தி நின்றது.

"என்னடா சொன்ன?"

"நான் தனியா போனா வரல. இவ தனியா போனாலும் வரல. நீ ஏறினா வருது. இடது ஓரத்துல எழுபத்தெட்டு கிலோ. அதைத்தான் சொன்னேன்."

"எழுபத்தாறு."

"போன வாரம் பாத்தப்ப..."

நான் மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மிதித்தது என் கணவரின் காலை இல்லை.

"ஆக, சத்தம் போடுறது கார் இல்ல. நான்."

"அப்படி யாரும்மா சொன்னா? சத்தம் காரோடது. காரணம்தான் நீ."

அன்று மத்தியானமே அத்தை மூத்த மகளின் ஊருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இடம் போட்டுவிட்டார். போவதற்கு மட்டும். எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டேன். "உங்க காரைக் கேட்டுச் சொல்றேன்," என்றார். பெட்டியில் துணிகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே நாவலை வைத்தார். நூற்றுத் தொண்ணூற்றைந்தாம் பக்கத்தில் ஒரு பழைய பேருந்துச் சீட்டு செருகியிருந்தது.

நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இருப்பது மூன்று பேர். அதில் ஒருவர் எடை பார்ப்பவர். அத்தையும் போய்விட்டால் காவலாளியைப் பற்றி நான் யாரிடம் பேசுவேன்? இந்தப் பக்கம் எட்டு நாள், அந்தப் பக்கம் ஒரு லொடக். அதற்குள் அதை நிறுத்தியாக வேண்டும்.

திங்கட்கிழமை அத்தை பயிற்சிக்குப் பேருந்தில் போனார். நான் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் அகலமான ஆள். காதில் எப்போதும் ஒரு பென்சில். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வதுதான் அவருடைய கொள்கை. வண்டிக்கு வண்டி அவர் எழுதும் வேலை அட்டையில் 'வாடிக்கையாளர் சொன்னது' என்று ஒரு கட்டம் உண்டு. யாரோ ஒருவர் வண்டி காலையில் அழுகிறது என்று சொல்லப்போக, 'காலையில் அழுகிறது' என்றே எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்.

"என்ன சத்தம்மா வருது?"

"பின்னாடி இடது பக்கம்ண்ணா. வேகத்தடை ஏறி இறங்கினா லொடக் லொடக்னு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டொக் டொக்கா, லொடக் லொடக்கா?"

"லொடக் லொடக்."

"கடக் கடக் இல்லையே?"

"இல்லண்ணா. லொடக் லொடக்."

அவர் பென்சிலை நாக்கில் தொட்டு 'லொடக் – 2' என்று எழுதினார். அந்த இரண்டு ஏதோ வரிசை எண் என்று நினைத்துவிட்டேன்.

தெருவை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கார் பால் குடித்த பூனை மாதிரி சத்தமில்லாமல் போய் வந்தது. பின்பக்க மூலையை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்திவிட்டார். கம்பி ஒன்றை வைத்து நெம்பினார். ஒன்றுமில்லை. அத்தை ஏறினால்தான் வரும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மாமியார் ஏறினால் கார் கத்துகிறது என்று ஒரு மருமகள் வெளியிடத்தில் போய்ச் சொல்வது நன்றாகவா இருக்கும்?

"ரெண்டு தடவைன்னா கணக்கு சரியா வருது," என்றார் மெக்கானிக். "ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு. ஷாக் அப்சார்பர்தான்."

ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்கிப் பிடிக்கிற குழாய் அது. போதாத காலம், அதில் எண்ணெய் வேறு லேசாகக் கசிந்திருந்தது. இரண்டு பக்கமும் புதிது போட்டு, மேலே இருக்கும் ரப்பரையும் மாற்றிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை என் கணவர் இருபது லிட்டர் தண்ணீர் கேன் நான்கு வாங்கி வந்தார். மூன்றைப் பின்னிருக்கையில் வரிசையாக உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிட்டார். நான்காவது நடுவில், கால் வைக்கும் இடத்தில்.

"எண்பது கிலோ," என்றார். "அம்மாவை விட ரெண்டு கூட."

"நாலுங்க."

ஏழு வேகத்தடை ஏறி இறங்கினோம். தண்ணீர் தளும்பும் ஓசையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் போகும்போதே அவர் கத்திக்கொண்டு போனார். "அம்மா! சரியாயிடுச்சு! எண்பது கிலோ ஏத்திப் பாத்தாச்சு!"

"எதை ஏத்தின?"

"தண்ணி கேன்."

"என் இடத்துலயா?"

அவர் நேராகக் குளிக்கப் போய்விட்டார். வாழ்க்கையில் அவர் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று.

புதன்கிழமை காலை அத்தை பெட்டியைத் திறந்து நாவலை எடுத்துக்கொண்டு வந்தார். தன் இடத்தில் சாய்ந்தார். காலை நீட்டினார். கனைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணே கலங்கியது. கார் தெருவில் திரும்பியது, காவலாளி தூக்கத்திலிருந்து எழுந்தான், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பதினேழு பக்கம் போனோம். வழியில் சாலையைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். வேகத்தடைகளை மட்டும் இன்னும் போடவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"விளக்கை ஏற்றிவிட்டு அவன் படியிறங்கினான்," என்று வாசித்தார் அத்தை. "பனிப்புயல் ஓய்ந்திருந்தது. இந்தத் தீவுக்கு ஐந்து மாதமாக ஒரு மனிதரும் வந்ததில்லை. அப்போது கதவு தட்டப்பட்டது. ஒரே ஒரு தடவை."

பயிற்சி நிலையத்துக்கு முந்தின பள்ளிக்கூடத்தின் எதிரே பழைய வேகத்தடை ஒன்று மிச்சமிருந்தது.

லொடக்.

அத்தையின் விரல் அந்த வரியிலேயே நின்றது. காவலாளியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வண்டிய நிறுத்து," என்றார் அத்தை.

"அத்தை, அது..."

"கேன் உக்காந்தா வராத சத்தம் நான் உக்காந்தா வருது. ஒரு பிளாஸ்டிக் கேனைவிட நான் மட்டமாயிட்டேனா?"

அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். நான் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். "அத்தை! கதவைத் தட்டினது யாரு?"

"ரயில்ல படிச்சுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துபோனார். பள்ளிக்கூடம் தாண்டி நாலு கட்டிடம்தான். ஆனால் அவர் நடந்த விதத்தைப் பார்த்தால் உறைந்த கடலைக் கடப்பது போலிருந்தது.

வியாழக்கிழமை மெக்கானிக்கிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பென்சிலைக் காதில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்ற விஷயமாண்ணா இது?"

"என் மாமியார் ஏறினா என் வண்டில ஹாரன் தானா அடிக்குது. நான் யார்கிட்டயாவது மறைச்சேனா? அவங்க இல்லாம இதைக் கண்டுபிடிக்க முடியாது. எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க."

போகும்போது அட்டையின் நகலை என்னிடம் கொடுத்தார். அத்தையிடம் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துக்கொண்டேன், அழுவது போலவும் ஒரு தடவை நடித்தேன். "கேனைக் கூட்டிட்டுப் போ," என்பதோடு பேச்சு முடிந்தது. அட்டையைச் சாப்பாட்டு மேசையிலேயே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து வந்தால் அட்டை முழுக்க சிவப்பு மை. 'பிண்பக்கம்' என்பதில் மூன்று சுழி ணகரத்தை அடித்து இரண்டு சுழி போட்டிருந்தது. 'சப்த்தம்' வட்டமிடப்பட்டு, பக்கத்தில் 'ஒரு த போதும்' என்று இருந்தது. 'லொடக் – 2' என்பதைச் சுற்றி மூன்று வட்டம், கீழே 'யார் சொன்னது?' என்று கேள்வி. அட்டையின் அடியில், 'மீண்டும் எழுதிக் காட்டவும்.'

அத்தை மேசையருகே கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஆளை நான் பாக்கணும்," என்றார்.

சனிக்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். அத்தை காரில் ஏற மறுத்துவிட்டதால் அவர் பேருந்தில் போனார். நான் காரில் அந்தப் பேருந்தின் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்து நின்றது, நானும் நின்றேன். பின் ஜன்னல் வழியாக அத்தை திரும்பிப் பார்ப்பார். மூன்றாவது நிறுத்தத்திலிருந்து பேருந்தில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஐந்தாவதில் ஒரு குழந்தை எனக்குக் கையசைத்தது.

ஒர்க்‌ஷாப்பில் நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது. மெக்கானிக் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியாத முகம்.

"இது என்ன, லொடக் போட்டு ரெண்டு?" என்றார் அத்தை.

"அந்தம்மா சொன்னதும்மா. லொடக் லொடக்னு சொன்னாங்க. ரெண்டு தடவை. நான் சொன்னதைத்தான் எழுதுவேன்."

"தண்ணி சலசலன்னு ஓடுச்சுன்னு சொன்னா ரெண்டு தடவை ஓடிட்டு நின்னுடுச்சுன்னு அர்த்தமா?"

மெக்கானிக் யோசித்தார்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, ரெண்டே ரெண்டு அடிதான் அடிச்சுதுன்னு ஆளைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களா?"

"ஐயையோ, இல்லம்மா."

"அதுக்குப் பேர் இரட்டைக்கிளவி. ரெட்டையாத்தான் வரும், பிரிச்சா அர்த்தமே இருக்காது. சல-ன்னு தனியா ஒண்ணு உண்டா? படன்னு ஒண்ணு உண்டா?"

"படம் உண்டு," என்றார் மெக்கானிக், பணிவாக.

"உக்காருங்க," என்றார் அத்தை. அவர் உட்கார்ந்தார். "ஆனா லொடக்ங்கிறது அப்படி இல்ல. தனியா நிக்குது, அர்த்தமும் தருது. அதனால இது இரட்டைக்கிளவியே கிடையாது. நம்ம ஜனங்களுக்கு எந்தச் சத்தத்தையும் ரெண்டு தடவை சொல்லாட்டி தூக்கம் வராது. என் மருமகளும் அதே ஜாதகம்தான். அந்தக் கார்ல வாரக்கணக்கா உக்காந்து கேட்டவ நான். வேகத்தடைக்கு ஒண்ணு. ஒரே ஒரு லொடக். ஒத்தைக்கிளவி."

மெக்கானிக் மெல்ல எழுந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"ஒண்ணா?"

"ஒண்ணு."

"இறங்கும்போது ஒண்ணு? ஏறும்போது இல்ல?"

"பின்சக்கரம் தடையிலிருந்து இறங்கி, வண்டி ஒரு அமுக்கு அமுங்கும் பாருங்க. அப்ப."

"அடக் கடவுளே," என்றார் மெக்கானிக். "ஒண்ணுன்னா கதையே வேறம்மா. எங்கயோ ரப்பர் போயி இரும்பும் இரும்பும் தொடுது. திரும்பி வரும்போது மிச்ச ரப்பர் தாங்கிக்குது. அதான் ஒண்ணு." பிறகு என்னைப் பார்த்தார். "ஷாக் அப்சார்பரை மாத்தவே வேண்டியதில்ல, எல்லாம் உங்க வாயால வந்தது."

காரைத் தரையில் வெட்டியிருந்த குழியின் மேலே நிறுத்தினோம். சக்கரம் நான்கும் தரையில்தான் இருந்தன. மெக்கானிக் விளக்கோடு குழிக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் தெரியுது. அம்மா ஏறினாத்தான் விஷயம் வெளிய வரும்."

"அதெப்படி? எல்லாருமா சேர்ந்து..." என்று அத்தை ஆரம்பித்தார்.

"இது அஞ்சு பேர் உக்கார செஞ்ச வண்டிம்மா. நீங்க ஒருத்தர். ஒருத்தரைத் தாங்க முடியலன்னா அது யார் தப்பு? அது என்னத்துக்குக் கத்துதுன்னு பாக்கத்தான் கூப்பிடுறேன்."

அந்தக் கோணத்தில் விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அத்தை கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். கதவோடு ஒட்டிச் சாய்ந்து, காலை நீட்டினார். இடது மூலை நன்றாகத் தாழ்ந்தது. நான் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினேன்.

லொடக்.

"ஆ!" என்று குழிக்குள்ளிருந்து ஒரு மகிழ்ச்சிக் கூச்சல். "மாட்டிக்கிச்சு! கேனெல்லாம் நடுவுல பரவி உக்காந்திருக்கும். இந்த மூலை இவ்வளவு இறங்கியிருக்காது. அம்மா ஓரமா சாயறாங்க பாருங்க, அதான்!"

சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை ஒன்று காரின் உடலோடு சேரும் மூட்டில், உருளையாக ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. அரை மணி நேரத்தில் அதைக் கழற்றிக் கொண்டுவந்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து, உள்ளே இருந்த இரும்புக் குழல் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"எலும்பும் எலும்பும் உரசுதுன்னு டாக்டர் படம் காட்டினார்," என்றார் அத்தை. "இதே மாதிரிதான் இருந்தது. இதுக்கும் மூட்டுத் தேய்மானமா?"

"அதேதாம்மா."

அத்தை அந்த ரப்பரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரின் கதவை ரெண்டு தட்டு தட்டினார். "பாவம். சொல்லத் தெரியாம கத்தியிருக்கு. நானாவது வாய் விட்டு ஐயோன்னு சொன்னேன்."

மெக்கானிக்கே நடந்துபோய்ப் பக்கத்துத் தெருக் கடையில் புதிய புஷ் வாங்கி வந்தார். அழுத்தி உள்ளே ஏற்றினார். இரும்புக் கையை அதன் இடத்தில் மாட்டினார். போல்ட்டைக் கையாலேயே லேசாகத் திருகிவிட்டு, ஜாக்கியை இறக்கிச் சக்கரத்தைத் தரையில் நிறுத்தினார். நான் வேலை முடிந்தது என்று நினைத்துச் சாவியைத் தேடினேன்.

"இருங்க. இனிமேதான் முக்கியமான வேலை. இந்தப் புஷ்ஷை வண்டியைத் தூக்கி வச்சுக்கிட்டு இறுக்கக்கூடாது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினா ரப்பர் அந்த நிலையையே புடிச்சுக்கும். கீழ இறக்கினதும் நாள் பூரா முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிடும். முன்னாடி மாட்டினவங்க யாரோ அப்படித்தான் செஞ்சிருக்காங்க. வண்டி வழக்கமா எப்படி நிக்குமோ, அதே நிலையில வச்சு இறுக்கணும்."

"வழக்கமா எப்படி நிக்கும்?" என்றார் அத்தை.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வழக்கமா... நீங்க உள்ள இருப்பீங்க."

ஒர்க்‌ஷாப்பில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் உக்காராம இந்த போல்ட்டை இறுக்க முடியாது?"

"இறுக்கலாம். சரியா இறுக்க முடியாது."

"வேற யாராவது உக்காந்தா?"

"அவங்க வழக்கமா உக்காருறதில்லையேம்மா."

"கேன்?"

"சேச்சே."

"எழுதிக் குடுங்க," என்றார் அத்தை.

மெக்கானிக் புது அட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, எழுத்து எழுத்தாக எழுதினார். 'பின்பக்க இடது புஷ் மாற்றப்பட்டது. இறுதி இறுக்கம், அத்தை அமர்ந்த நிலையில்.' அத்தை வாங்கி ஒரு முறை வாசித்தார். பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நானும் மெக்கானிக்கும் மூச்சைப் பிடித்தோம். ஓரத்தில் ஒரு சின்ன சரி போட்டுவிட்டு, அட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு ஏறிச் சாய்ந்து, காலை நீட்டி, பையிலிருந்து நாவலை எடுத்தார்.

"நான் கார்ல உக்காந்தா படிப்பேன்," என்று குழியைப் பார்த்துச் சொன்னார். "வழக்கம்னா முழுசா வழக்கமா இருக்கட்டும்."

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டேன். அதுவும் வழக்கம்தானே. "நீங்க கதைக்குப் புதுசு, அதனால சுருக்கமா சொல்றேன்," என்று ஜன்னல் வழியாகக் குழியை நோக்கிக் குனிந்து, தீவு, காவலாளி, மனைவி, கடிதம், ஒரு தடவை தட்டப்பட்ட கதவு எல்லாவற்றையும் சொன்னேன். "ம், ம்," என்றது குழி.

"அவன் தாழ்ப்பாளை நீக்கினான்," என்று தொடங்கினார் அத்தை. "பனிக்காற்று முகத்தில் அறைந்தது. வாசலில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது."

கீழே ஸ்பேனர் விழும் ஓசை.

"ஆடா?"

"ஆடு."

"ஆடு எப்படிம்மா கதவைத் தட்டும்?"

"கொம்பால முட்டியிருக்கும். அதான் ஒரு தடவை. நடுவுல பேசக்கூடாது."

உறைந்த கடலின் மேல் வழிதவறிப் போன தபால்காரரின் ஆடு அது. அதன் வாயில் ஒரு கடிதம். பாதியைத் தின்றுவிட்டது. காவலாளி மிச்சத்தைப் பிடுங்கி விளக்கின் அருகே கொண்டுபோய்ப் பார்க்கிறான். மனைவியின் கையெழுத்து. பதினோரு வருடம் காத்திருந்த கடிதத்தில் ஆடு விட்டுவைத்தது கடைசி வரியின் இரண்டு எழுத்து மட்டும்: வர.

"வரப்போகிறேன்," என்றேன் நான்.

"வரமாட்டேன்," என்றார் அத்தை. "பதினோரு வருஷம் எழுதாதவ வரேன்னு சொல்லவா எழுதுவா?"

"வரவேற்க ஆள் அனுப்பவும்னு கூட இருக்கலாம்," என்றது குழி.

அப்போதுதான் என் கணவர் அரை நாள் வேலை முடித்துவிட்டு வந்துசேர்ந்தார். ஒவ்வொரு கையிலும் ஒரு தண்ணீர் கேன்.

"தேவைப்படுமேன்னு..." என்றார்.

அத்தை கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். அவர் கேன்களைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"அதாவது, எழுபத்தெட்டு கிலோ..."

"எழுபத்தாறு," என்றோம் நானும் அத்தையும் குழியும்.

ஐந்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆனது. மெக்கானிக் அரைத் திருகு திருகுவார், "அப்புறம்?" என்பார். என் கணவர் ஒரு கேனின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டின் எடையைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அத்தை பக்கங்களை வேகமாகப் புரட்டினார், ஆனால் ஒரு வரியும் விடவில்லை. கடைசிப் பக்கத்தில் காவலாளி அந்த இரண்டு எழுத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கிறான், ஆட்டுக்கு வைக்கோல் போடுகிறான், விளக்கைத் துடைக்கத் தொடங்குகிறான். அத்தை புத்தகத்தை மூடினார்.

"வந்தாளா, இல்லையா?" என்று மெக்கானிக் குழியிலிருந்து தலையை நீட்டினார்.

"அதைச் சொல்லல."

"இதென்னம்மா அநியாயம்? போல்ட்டைப் பாதி இறுக்கிட்டு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கே!"

"நீங்க முழுசா இறுக்கிட்டீங்கல்ல?"

"கல்லு மாதிரி."

"அது போதும்," என்றார் அத்தை.

திரும்பும்போது அத்தை பேருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. என் கணவர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வந்தார், கேன்கள் டிக்கியில். பாதி வழியில் அத்தையின் போனில் ஒரு செய்தி வந்தது. என் நாத்தனார்தான். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரட்டுமா, வருவது நிச்சயம்தானே என்று கேட்டிருந்தாள். அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தட்டச்சு செய்தார். கொஞ்சம் யோசித்தார். அனுப்பினார்.

"என்ன அத்தை அனுப்பினீங்க?" என்றேன்.

"வர-ன்னு அனுப்பினேன்."

"அத்தை!"

"கொஞ்சம் யோசிக்கட்டும், இலக்கணம் மறந்துபோச்சு அவளுக்கு." பிறகு என் கணவரின் தோளைப் புத்தகத்தால் தட்டினார். "டேய். நாளைக்குப் போறேன், இடம் போட்டாச்சு, அவ பசங்களைப் பாத்தும் நாளாச்சு. செவ்வாய்க்கிழமை திரும்பி வர ஒரு டிக்கெட் போடு. புதன்கிழமை எனக்குப் பயிற்சி இருக்கு. நான் இல்லாம இந்த மூலை தூக்கிக்கிட்டு நின்னா ரப்பர் கெட்டுப்போயிடும்."

"சரிம்மா."

"ஏம்மா, நீ அடுத்த புத்தகம் எடுத்து வை. ஆடு இல்லாததா பாரு."

நான் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தின் எதிரே இருந்த பழைய வேகத்தடை வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். என் கணவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது, கார் ஒரு அமுக்கு அமுங்கி மெத்தை மாதிரி எழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி ஏனோ எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. யாரோ கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருப்பதுபோல மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"லொடக்," என்றார் அத்தை பின்னாலிருந்து.

ஒரே ஒரு தடவை.